கண்மாய்க்கரையில் பெத்தம்மாள் பந்தல்

இருபதடி தள்ளி நின்று ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார் பெத்தம்மாள். எதிரே ஏணியில் நிற்கும் ஆள், கயிற்றைக் கையில் பிடித்தபடி உத்தரவுக்குக் காத்திருக்கிறார். "ஒரு விரக்கடை கெழக்க தள்ளு. இன்னுங் கொஞ்சம். போதும், கட்டு." கட்டி முடித்ததும் கிட்டே போய், நட்ட காலின் அடியில் வெறுங்காலால் ஓர் உதை. ஆடாவிட்டால் அடுத்த காலுக்கு நகர்கிறார். அறுபது கால் பந்தல் என்றால் அறுபது உதை. "செருப்போட ஒதச்சா ஒண்ணும் வெளங்காது" என்பார். வெயிலில் தார் ரோட்டில் போனால் மட்டும் செருப்பு. பந்தல் போடும் இடத்தில் அது கழற்றி வைத்த இடத்திலேயே கிடக்கும். சாயங்காலம் அதைத் தேடுவது தனி வேலை.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற வழியில் இருக்கிற இந்த ஊரில், கல்யாணமோ காதுகுத்தோ கட்சிக் கூட்டமோ, கடைசிக் காரியமோ, எதற்கும் முதலில் போன் போவது பெத்தம்மாளுக்குத்தான். பக்கத்து ஊரான வீரசோழன் நிக்காஹ் வீடுகளுக்கும் அவர்தான். நாலு கட்சிக்கும் பந்தல் போட்டிருக்கிறார், ஒரு கட்சியின் கூட்டத்திலும் உட்கார்ந்து கேட்டதில்லை. தன்னுடைய நாற்காலியில் தான் உட்காருவதே இல்லை. கேட்டால், "ஒக்காந்தா பந்தலுக்கு மேல என்ன நடக்குன்னு தெரியாது" என்பார். வயது ஐம்பத்து நாலு. முழங்காலில் கொஞ்சம் வலி உண்டு, அதை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

சாய்ந்த பொருள் கண்ணில் பட்டால் அவருக்குக் கை நிற்காது. பஸ் ஸ்டாப்பில் கோணலாகத் தொங்கிய பலகையை ஏறி நிமிர்த்திவிட்டுத்தான் பஸ்ஸில் ஏறினார். அந்த பஸ் போய்விட்டது, அடுத்த பஸ்ஸில் போனார். ஒரு துட்டி வீட்டில் பந்தல் பேசப் போனவர், அழுதுகொண்டிருந்த வீட்டுக்காரம்மாவின் தோளை ஒரு கையால் அணைத்துக்கொண்டே மறு கையால் சுவரில் கோணியிருந்த காலண்டரைச் சரி செய்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். "என்ன செய்ய, கண்ணுல முள்ளு குத்துற மாதிரி இருக்கு" என்று அதற்கும் ஒரு சமாதானம் சொன்னார்.

பிறந்தது பரளச்சிப் பக்கம். அப்பாவும் அம்மாவும் மானாவாரி மிளகாய்க் காட்டில் களை எடுக்கப் போனவர்கள். பெத்தம்மாள் கட்டட வேலைக்குச் சித்தாளாகப் போனார். பந்தல் கடையில் கழி தூக்கிக்கொண்டிருந்த அருஞ்சுனையைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தார். கடை முதலாளி மகனோடு திருப்பூருக்குப் போகத் தீர்மானித்தபோது, கழியையும் கயிற்றையும் தார்ப்பாயையும் இவர் எடுத்துக்கொண்டார். ஒரு பொம்பளை பந்தல் போடுவதா என்று ஊர் கொஞ்ச நாள் வாய்மேல் கை வைத்தது. "நட்டது யாருன்னு பாக்காதீக, நிக்கிதான்னு பாருங்க" என்றார். நின்றது. ஊரும் கையை எடுத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போனது. அருஞ்சுனை இப்போது மனைவியின் சாமான்களை ஏற்றிப்போகும் லோடு வண்டியை ஓட்டுகிறார். நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

சாமான்கள் கிடப்பது மூடிக்கிடக்கும் பஞ்சாலையில். ஊருக்கு மேற்கே உப்போடைக் கண்மாயின் கரையை ஒட்டி அந்த மில் இருக்கிறது. சங்கு ஊதி நின்று பதினேழு வருஷம் ஆகிறது. கூரை போன மிஷின் ஹாலில் வேப்பமரம் வளர்ந்துவிட்டது. முழுசாக இருப்பது கருங்கல்லில் கட்டிய பஞ்சு குடோன் ஒன்றுதான். மில்லைப் பார்த்துக்கொள்கிற ஆளிடம் பேசி அதை வாடகைக்குப் பிடித்தார் பெத்தம்மாள். ஒழுகாது, கறையான் ஏறாது, இரும்புக் கதவை இழுத்துப் பூட்டினால் உள்ளே காற்றுகூட அசையாது. நாற்காலி அடுக்கு, டிரம், சாமியானா, சமையல் அண்டா என்று அவருடைய உழைப்பு முழுவதும் அந்த நாலு சுவருக்குள்தான் இருக்கிறது. இப்படி ஒரு இடம் ஊரில் இன்னொன்று கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும், அதைக் கேட்டுத் தொந்தரவு செய்த மற்ற கடைக்காரர்களுக்கும் தெரியும்.

சென்ற வருஷம் அந்த மில் நிலத்தை என்ன செய்வது என்ற பேச்சு கிளம்பியது. மில்லும் அதற்கும் கண்மாய்க்கும் நடுவிலுள்ள கிரவுண்டுமாகப் பதினேழு ஏக்கர் அரசாங்கத்தின் கைக்கு வந்தது. சென்னையிலிருந்து ஒரு குழு வந்து வரைபடம் போட்டது. கண்மாய்க்கரையில் நடைபாதை, கடைகள், படகுத்துறை, நடுவில் ஆயிரம் பேர் உட்காரும் குளுகுளு சமுதாயக் கூடம். பஸ் ஸ்டாண்டில் ஒட்டிய படத்தில் கண்மாய் நீலமாகத் தளும்பியது. அந்தப் படத்தின் முன் நின்று ஊரே சிரித்தது. கண்மாய் நிறைந்து எத்தனையோ வருஷமாகிறது. பையன்கள் அதற்குள் கிரிக்கெட் ஆடுகிறார்கள். அங்கே போகிறவர்கள் கண்மாய்க்குப் போகிறேன் என்று சொல்வதையே மறந்து, கிரவுண்டுக்குப் போகிறேன் என்கிறார்கள்.

ஆனால் சிரித்து முடித்ததும் சண்டை ஆரம்பித்தது. வியாபாரிகள் சங்கத் தலைவர் விஜயபாண்டி, கடைகளும் கூடமும் வந்தே ஆக வேண்டும் என்றார். குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வந்தால் ஜனம் பெருகும், இந்த ஊர் மட்டும் தூங்கிக்கொண்டிருக்கலாமா என்பது அவர் கட்சி. அதே மில்லில் நூல் ஓட்டிய முனீஸ்வரன், கடை கட்டினால் நாலு பேருக்குப் பிழைப்பு, தையல் ஷெட் போட்டால் நானூறு பெண்கள் வெளியூர் வேலைக்கு விடியக்காலை பஸ்ஸுக்கு ஓடவேண்டாம் என்றார். இரண்டு பேச்சிலும் நியாயம் இருந்ததால் சண்டை சீக்கிரம் முடியவில்லை. டீக்கடைகள் இரண்டாகப் பிரிந்தன. இரண்டு பக்கமும் கூட்டம் போட்டது, இரண்டுக்கும் பந்தல் பெத்தம்மாள்தான். "காலையில முனீஸ்வரண்ணன் ஒக்காந்த சேருலதான் சாயங்காலம் விஜயபாண்டி அண்ணாச்சி ஒக்காந்தாக. சேரு ஒண்ணும் சொல்லல" என்றார்.

கூடம் வந்தால் பந்தலுக்கு யார் வருவார்கள் என்று அனுதாபத்தோடு கேட்டவர்களுக்கும் அவரிடம் பதில் இருந்தது. "வந்தா வரட்டும். மண்டபத்துல கல்யாணம்னாலும் வாசல்ல நெழல் வேணும்ல?" இதைச் சொல்லும்போது குரலில் நடுக்கமே இல்லை. உள்ளுக்குள் ஒரு பயம் இருந்தது உண்மை. இரண்டு முகூர்த்தம் கைவிட்டுப் போனாலே நாலு வேலைக்காரர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டிய தொழில் இது. ஆனால் அதைவிட அவரை அரித்தது வேறு. வரைபடத்தில் கூடத்தைக் கொண்டுபோய் வைத்திருந்த இடம் மில் கிரவுண்டின் மேற்குக் கோடி. அந்த இடத்தின் லட்சணம் ஊரில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தெரிந்துகொண்ட விதம்தான் அவமானமானது.

மூன்று வருஷத்துக்கு முன் ஓர் ஐப்பசியில் அங்கே ராமலட்சுமி என்பவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டார். அதிசயமாக மூன்று நாள் அடை மழை. முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் மேற்கு வரிசைக் கால்கள் முழங்கை ஆழம் உள்ளே இறங்கின. கூரை ஒருபுறமாகத் தொங்கியது. யாருக்கும் அடிபடவில்லை, தாலியும் நல்ல நேரத்தில் ஏறியது, ஆனாலும் "பெத்தம்மா பந்தல் சாஞ்சிருச்சு" என்பது மாப்பிள்ளை ஊர் வரைக்கும் போய்விட்டது. சாய்ந்த காலண்டரைப் பொறுக்காத மனுஷிக்கு அது எப்படி இருந்திருக்கும். மறுநாள் தனியாகப் போய், கால்களைப் பிடுங்கிக் குழியைத் தோண்டிப் பார்த்தார். மேலே ஒரு அடிக்குச் செங்கல் துண்டும் கெட்டித்துப்போன சாம்பலும். அதற்குக் கீழே கன்னங்கரேலென்று கரம்பை. காட்டுக்கு உரமாக அடிக்கக் கண்மாயிலிருந்து அள்ளிப்போவார்களே, அதே வண்டல். மில் ஓடிய நாற்பது வருஷமும் கொதிகலன் சாம்பலைக் கொட்டிக் கொட்டிக் கண்மாயின் ஓரத்தை மூடியிருக்கிறது. மழை இல்லாத ஊர், மேலே இறுகிக்கொண்டது. எல்லோரும் அதைத் தரை என்று நம்பிவிட்டார்கள். அவரும்தான் நம்பினார். வெளியே சொன்னால் சாக்குச் சொல்கிறாள் என்பார்கள் என்று பேசாமல் குழியை மூடிவிட்டு வந்தார்.

பங்குனியில் கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தார்கள். இடம், அதே மில் கிரவுண்டு. பந்தல் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மாவட்டத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து மேடையில் உட்கார்ந்தார். திட்டத்தின் பொறியாளராக வந்தவர் நர்கிஸ், வீரசோழன் பெண், முப்பது வயதிருக்கும். திட்டம் வரைந்து முடித்த பிறகு வேலைக்குச் சேர்ந்தவர் என்பதால் எல்லாக் கேள்விக்கும் கொஞ்சம் தயங்கித்தான் பதில் சொன்னார். விஜயபாண்டி அரை மணி நேரம் பேசினார். முனீஸ்வரன் அதற்குக் குறையாமல் பேசினார். பெத்தம்மாள் வழக்கம்போல் கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று கூட்டத்தைக் கவனித்தார். சேரை முன்னால் இழுத்துப் போடுகிறவர் எதிர்த்துப் பேசப் போகிறவர், பின்னால் தள்ளுகிறவர் வீட்டுக்குப் போகப் போகிறவர் என்பது அவருடைய கணக்கு. அன்று முக்கால்வாசிப் பேர் பின்னால் தள்ள ஆரம்பித்திருந்தார்கள்.

"வேற யாராவது பேசணுமா?" என்று அதிகாரி பேனாவை மூடியபடி கேட்டார். பெத்தம்மாள் முந்தானையை இடுப்பில் செருகினார். பக்கத்தில் நின்ற அருஞ்சுனைக்குப் புரிந்துவிட்டது.

"இங்கேரு, நமக்கெதுக்கு" என்றார்.

"சாஞ்ச பெறகு பேசுறதுக்கு இப்பப் பேசிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டு நடந்தார் பெத்தம்மாள்.

மைக்கைத் தொடவில்லை. "அய்யா, கூடம் கட்டுங்க, கடை கட்டுங்க, நான் வேண்டாம்னு சொல்லல. படத்துல போட்ட எடத்துல கட்டாதீக. அது தரை கெடையாது. கண்மாய். மேல சாம்பலக் கொட்டி மூடிருக்கு."

விஜயபாண்டி எழுந்தார். கெட்ட மனிதர் இல்லை; தன் மகள் கல்யாணத்துக்கு இவரிடம்தான் பந்தல் சொன்னவர். ஆனாலும் ஜெயிக்கப் போகிற நேரத்தில் குறுக்கே வந்தால் யாருக்கும் பொறுக்காது. "பெத்தம்மா, கூடம் வந்தா ஒன் பொழப்புக்கு எடஞ்சல்னு பயப்படுற. அதுல தப்பில்ல. அதுக்காகத் தரையக் குத்தஞ் சொல்லாத. ராமலட்சுமி வீட்டுக் கல்யாணத்துல சாஞ்சது தரையில்ல, ஒன் பந்தல்."

கூட்டம் சிரித்தது. பெத்தம்மாளுக்கு முகம் எரிந்தது. மூன்று வருஷமாக முதுகுக்குப் பின்னால் கேட்டதை அன்றைக்கு ஐந்நூறு பேர் நடுவில் நேருக்கு நேர் கேட்டார். சிரிப்பு அடங்கும்வரை நின்றார்.

"ஆமாண்ணாச்சி, சாஞ்சது எம் பந்தல்தான். மண்ணத் தெரியாம நட்டேன், சாஞ்சது. இன்னைக்கு ஒங்க தலைக்கு மேல நிக்கிதே, இது ஏன் சாயலன்னு பாத்தீகளா?"

அவர் மேற்கு வரிசைக்குப் போனார். அந்தப் பக்கத்துக் கால்களுக்கெல்லாம் அடியில் மஞ்சளும் பச்சையுமாக அலங்காரத் துணி சுற்றியிருந்தது. சும்மா ஜோடிப்பு என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஒரு காலின் துணியை உருவினார். உள்ளே எண்ணெய் டிரம். டிரம் நிறையக் கருங்கல். கல்லுக்கு நடுவில் பந்தல்கால். அடுத்த காலுக்குப் போய் அந்தத் துணியையும் உருவினார். அதிலும் டிரம்.

"இந்தப் பக்கத்து இருபத்திரண்டு காலும் இப்படித்தான். ஒண்ணுகூட மண்ணுல எறங்கல. ரெண்டு மணி நேரமா இம்புட்டுப் பேரும் கல்ல நம்பித்தான் ஒக்காந்திருக்கீக."

மேற்கு ஓரத்தில் இருந்த சிலர் சத்தமில்லாமல் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கிழக்கே நகர்ந்தார்கள். விஜயபாண்டி தானே வந்து டிரம்முக்குள் குனிந்து பார்த்தார். நர்கிஸ் மேடையிலிருந்து இறங்கி வந்து, கடப்பாரை இருக்கிறதா என்று கேட்டார். பெத்தம்மாள் கொடுத்தார். நர்கிஸ் இரண்டு குத்து குத்தினார், கணீர் என்று சத்தம் கேட்டது. நாலைந்து குத்தில் சத்தம் மாறியது. அதன்பிறகு கடப்பாரை தன் கனத்திலேயே இறங்க ஆரம்பித்தது.

"போதும் தாயி, அப்பறம் புடுங்கி எடுக்க ஏலாது" என்றார் பெத்தம்மாள்.

"இத முன்னாடியே ஏங்க்கா சொல்லல?" என்று கேட்டார் நர்கிஸ்.

"யாரு கேட்டா? படம் போட வந்தவுக வேனக்காலத்துல வந்தாக. மேல ஒரு மிஷின பறக்க விட்டுப் போட்டோ புடிச்சாக. போயிட்டாக. கீழ குத்திப் பாக்கல."

நர்கிஸ் அதிகாரியிடம் போய்ப் பேசினார். மண் சோதனை முடியாமல் இந்த இடத்தில் ஒரு செங்கல்லும் வைக்கக் கூடாது என்று அவர் எழுதச் சொன்னதும், அதிகாரி பேனாவைத் திறந்து எழுதியதும் முன்வரிசைக்குக் கேட்டது. முனீஸ்வரன் பக்கம் கை தட்டியது. பெத்தம்மாள் அந்தப் பக்கம் திரும்பினார்.

"நீங்க தட்டாதீகண்ணே. ஒங்க தையல் ஷெட்டையும் இதே எடத்துலதான போடச் சொல்றீக?"

கைகள் நின்றன. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், இந்தத் தடவை அந்தச் சிரிப்பு அவருக்குக் கசக்கவில்லை. மூன்று வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. இத்தோடு நாற்காலியை அடுக்கிவிட்டுப் போயிருந்தால், ஊரைக் காப்பாற்றியவர் என்ற பெயரோடு குடோனையும் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு போயிருக்கலாம்.

நர்கிஸ் கேட்டார்: "அப்ப, பதினேழு ஏக்கர்ல எங்கதான்க்கா கட்டுறது? எல்லாமே இப்படித்தான் இருக்குமா?"

மண் சோதனைக்காரர்கள் எப்படியும் கண்டுபிடிப்பார்கள், ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஆகும். எனக்குத் தெரியாது என்று சொன்னால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பெத்தம்மாளின் கை இடுப்பிலிருந்த குடோன் சாவிக்குப் போனது. அவருக்கு நன்றாகத் தெரியும். குடோன் தரையில் கயிறு கட்ட வளையம் ஒன்று பதிக்கப் பார்த்து, இரண்டு உளி மழுங்கியதுதான் மிச்சம். வெளியே வாசலில் கழி ஊன்றக் குழி தோண்டியபோதெல்லாம் சரளை, சரளைக்குக் கீழே பாறை.

"பஞ்சு குடோன் இருக்குல்ல," என்றார். "அதுக்கு அடியில பாறை. அங்கருந்து கெழக்க ரோடு வரைக்கும் கெட்டிச் சரளை. கூடமோ ஷெட்டோ, ஒங்களுக்குள்ள பேசி முடிச்சு எதக் கட்டுனாலும் நிக்கும். குடோன இடிச்சாத்தான் எடம் பத்தும்."

விஜயபாண்டி குரலைத் தாழ்த்தினார். "அது நீ வச்சிருக்க குடோன்ல, பெத்தம்மா?"

"மில்லு குடோன் அண்ணாச்சி. உள்ள இருக்கிற சாமான்தான் என்னது."

கூட்டம் கலைந்தது. அதிகாரியின் வண்டி கிளம்பியது, உதவிக்கு வந்த ஆட்களும் அதிலேயே ஏறிக்கொண்டார்கள். நர்கிஸ் மட்டும் குடோன் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நின்றுவிட்டார். அங்கே குடோன் வாசலில் லோடு வண்டியின் மேல் கை வைத்தபடி அருஞ்சுனை நின்றிருந்தார். பெத்தம்மாள் நர்கிஸோடு நடந்து வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமானத் தூக்கிட்டு நாம எங்க போக?" என்று கேட்டார். அன்றைக்கு அவர் பேசியதிலேயே அதுதான் நீளமான பேச்சு.

பெத்தம்மாள் அவர் கையைப் பிடித்தார், ஒரு தரம் அழுத்தினார். "அத நாளைக்குப் பாப்போம். வண்டி குறுக்க நிக்கிது பாருங்க, கொஞ்சம் தள்ளிப் போடுங்க. அவுக அளக்கணும்."

வண்டி நகர்ந்தது. நர்கிஸ் பையிலிருந்து நீள டேப்பை எடுத்தார். மறுமுனையைப் பிடிக்க ஆள் இல்லாமல் அப்படியும் இப்படியும் பார்த்தார். பெத்தம்மாள் கை நீட்டி டேப்பின் முனையை வாங்கிக்கொண்டார். பூட்டைத் திறந்து, இரும்புக் கதவைத் தோளால் தள்ளி உள்ளே போனார். பின்சுவர்வரை நாற்காலிகள் அடுக்கியிருந்தன. ஓர் அடுக்கை இடுப்பால் இடித்து ஒதுக்கி, இடுக்கில் நுழைந்து, வலிக்கிற முழங்காலை மடக்கி உட்கார்ந்தார். டேப்பின் முனையைச் சுவரின் அடியில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார்.

"ம், இழுத்துட்டுப் போங்க தாயி."